சிறையிலிருந்து நீதிமன்றம் வரை: கைதியின் வழக்குரிமைக்கும் வழிபாட்டுரிமைக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

டெல்லி திகார் சிறையிலிருந்து ஒரு கைதி உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அவர் பெயர் சுனில் பத்ரா, மரண தண்டனை விதிக்கப்பட்டவர். கடிதம் தன்னைப் பற்றியது அல்ல. அதே சிறையில் இருந்த இன்னொரு கைதியிடம், பார்க்க வரும் உறவினர்கள் வழியாகப் பணம் பறிக்க ஒரு தலைமை வார்டர் (சிறைக் காவலர்) கொடூரமாகச் சித்திரவதை செய்தார் என்று எழுதியிருந்தார். அதில் முத்திரைத்தாளும் இல்லை, வக்காலத்தும் (வழக்கறிஞரை நியமிக்கும் பத்திரம்) இல்லை, கட்டணமும் இல்லை. உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக (காவலில் இருப்பவருக்காகப் போடும் மனு) எடுத்துக்கொண்டு, 1979 டிசம்பரில் தீர்ப்பு சொன்னது. சிறைகளில் புகார்ப் பெட்டி வைக்க வேண்டும், மாவட்ட நீதிபதி நேரில் வந்து கைதிகளின் குறைகளைக் கேட்க வேண்டும், வழக்கறிஞர் கைதியோடு தனியாகப் பேச வசதி செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தீர்ப்பின் கட்டளைகள்.

இந்த வழிகாட்டியில் நான் சொல்லப் போவதும் அந்தக் கடிதம் காட்டிய வழிதான். சிறைக்குள் வாயால் கேட்டது, யாரிடம் கேட்டோமோ அந்த வார்டரின் பணி நேரம் முடிந்ததும் மறைந்துவிடும். தேதி போட்டு எழுதிய காகிதம் மறையாது. ஜாமீனோ மேல்முறையீடோ நோன்புக் கஞ்சியோ எதுவானாலும், கேட்டதை எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வைத்துக்கொள்கிறவர்களுக்கே நீதிமன்றக் கதவு திறக்கிறது.

கீழே உள்ளவை இந்தியச் சிறைகளுக்குப் பொருந்துபவை. நடைமுறை பற்றிப் பேசும் இடங்களில் தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதுகிறேன். உள்ளே இருப்பவர் எல்லாவற்றையும் படிக்க முடியாது. அதனால் வெளியே இருக்கும் மனைவி, அண்ணன், அம்மா படித்து, மனு பார்க்க, அதாவது சிறையில் நேரில் சந்திக்கப் போகும்போது சொல்லிக் கொடுக்கிற மாதிரி எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம்

"தப்பு செய்து உள்ளே போனவனுக்கு என்ன உரிமை?" என்று சொந்தக்காரர்களே கேட்பார்கள். கேட்டுக் கேட்டுக் குடும்பமும் அதை நம்பிவிடும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தண்டனை பெற்றவர் என்பதற்காக ஒருவர் அடிப்படை உரிமைகள் எல்லாவற்றையும் இழந்துவிடுவதில்லை என்று புவன் மோகன் பட்நாயக் வழக்கில் 1974-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடமாடும் சுதந்திரம் போகிறது. விரும்பிய இடத்தில் வாழ்வதும், விரும்பிய தொழில் செய்வதும் சிறைவாசத்தோடு சேர்ந்தே போகின்றன. உயிர், கண்ணியம், சமத்துவம், மனச்சாட்சி, நீதிமன்றத்தை அணுகுவது ஆகியவை போவதில்லை. சிறையில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் இன்னும் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள் என்பதையும் அந்தச் சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள்.

படி 1: எந்த வகைக் கைதி என்று உறுதி செய்யுங்கள்

வழக்கு நடந்துகொண்டிருந்தால் விசாரணைக் கைதி. தீர்ப்பு வந்து தண்டனை அனுபவித்தால் தண்டனைக் கைதி. குண்டர் சட்டம் போன்றவற்றில், வழக்கு விசாரணை இல்லாமலே ஆட்சியர் அல்லது காவல் ஆணையர் உத்தரவில் அடைக்கப்பட்டிருந்தால் தடுப்புக் காவல் கைதி. மூன்றுக்கும் வழி வேறு வேறு. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு வகையிலும் இருக்கலாம்: அடிதடி வழக்கில் ரிமாண்டில் (நீதிமன்றக் காவலில்) இருப்பவர் மீது குண்டர் சட்டமும் பாயலாம். அப்போது ஜாமீன் கிடைத்தாலும் அவர் வெளியே வர முடியாது. ஜாமீனுக்காக நகையை அடகு வைப்பதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தடுப்புக் காவல் என்றால் நேரத்தை வீணாக்கவே கூடாது. அரசியலமைப்பின் 22(5) பிரிவின்படி, ஏன் அடைத்தார்கள் என்ற காரணங்களைக் கைதிக்குத் தெரிவிக்க வேண்டும். அதை எதிர்த்து முறையீடு கொடுக்கக் கூடிய விரைவில் வாய்ப்பும் தர வேண்டும். காரணங்களும் ஆவணங்களும் அவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்பது 1962-இல் ஹரிகிஷன் வழக்கிலேயே முடிவான விஷயம். ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்திருந்தால், எந்தப் பக்கம் எந்தத் தாள் தமிழில் இல்லை என்று குறித்து வையுங்கள். முறையீட்டை உடனே அனுப்புங்கள், அனுப்பிய தேதியையும் எழுதி வையுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் தடுப்புக் காவல் உத்தரவுகள் ரத்தாவதற்கு அடிக்கடி காரணமாவது இந்த இரண்டுதான்: மொழிபெயர்ப்பு தராதது, முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதித்தது. தேதி தெரியாமல் தாமதத்தை நிரூபிக்க முடியாது.

படி 2: ஒரு நோட்டு போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். காவல் நிலையம், குற்ற எண், சட்டப் பிரிவுகள், கைதான நாள், முதலில் ரிமாண்ட் செய்த நாள், எந்த நீதிமன்றம், அடுத்த வாய்தா, சிறை எண், வழக்கறிஞர் பெயர் ஆகியவற்றை முதல் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு மனு பார்த்த நாளும், ஒவ்வொரு தபாலும், ஒவ்வொரு தொலைபேசிப் பேச்சும் ஒரு வரியாக ஏற வேண்டும். எண்களைத்தான் முக்கியமாகக் குறிக்க வேண்டும். குற்ற எண்ணும் நீதிமன்றத்தின் பெயரும் இருந்தால், எந்த வழக்கறிஞரும் ஐந்து நிமிடத்தில் வழக்கு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவார். அவை இல்லாமல் போகிற குடும்பம் வாரக்கணக்கில் அலையும்.

படி 3: வழக்கறிஞர்

விரும்பிய வழக்கறிஞரை வைத்துக்கொள்வது அரசியலமைப்பின் 22(1) பிரிவு தரும் உரிமை. பணம் இல்லையென்றால் இலவச வழக்கறிஞர் கிடைப்பதும் உரிமைதான், சலுகை அல்ல. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, காவலில் இருக்கும் எவரையும் இலவச சட்ட உதவிக்கு உரியவராகச் சொல்கிறது. காவலில் இருப்பதே தகுதி என்பதால் வருமானச் சான்று தேவையில்லை. தாசில்தார் அலுவலகத்துக்கு யாராவது உங்களை அனுப்பினால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

எங்கே கேட்பது? மூன்று வழிகள் இருக்கின்றன. சிறைக்குள்ளேயே சட்ட உதவி மையம் இருக்கும். அங்கே குழு வழக்கறிஞர்களும் (இலவச சட்ட உதவிக்கு நியமிக்கப்பட்டவர்கள்) சட்டத் தன்னார்வத் தொண்டர்களும் வருவார்கள். தொண்டர்களில் சிலர் கைதிகளாகவே இருப்பார்கள். கைதி அங்கே பெயர் கொடுத்து விண்ணப்பிக்கலாம். வெளியில் இருந்து என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்கு எழுதுங்கள். அவர் நீதித்துறை அதிகாரி. தொலைபேசி என்றால் 15100, தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கட்டணமில்லா எண்.

இலவச வழக்கறிஞர் என்றால் ஏனோதானோ என்றுதான் வேலை செய்வார் என்ற பேச்சு பரவலாக உண்டு. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படி நடந்தால், இத்தனை வாய்தாவுக்கு வரவில்லை, இத்தனை முறை சிறைக்கு வந்து பார்க்கவில்லை என்று தேதிகளோடு செயலாளருக்கு எழுதி, வேறு வழக்கறிஞர் கேளுங்கள். "சரியில்லை" என்று மட்டும் எழுதினால் அதில் அவர் நடவடிக்கை எடுக்க எதுவும் இல்லை.

வக்காலத்தில் கைதியின் கையெழுத்து வேண்டும். சிறைக்குள் அவர் கையெழுத்திட்டு, சிறை அதிகாரி சான்றொப்பம் இட்டு வெளியே வரும். இதற்கே சில நாள் பிடிக்கும் என்பதால், வழக்கறிஞர் முடிவானதும் முதல் வேலையாக வக்காலத்தை உள்ளே அனுப்பச் சொல்லுங்கள்.

படி 4: வழக்கறிஞரோடு பேசும் பேச்சு

1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் வெள்ளைக்காரன் போட்டது. அதிலேயே 40-ஆவது பிரிவு, விசாரணைக் கைதி தன் வழக்கறிஞரை முடிந்தவரை வேறு யாரும் உடன் இல்லாமல் பார்க்க வழி செய்கிறது. 1981-இல் பிரான்சிஸ் கொராலி முல்லின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தடுப்புக் காவல் கைதிக்கும் தெளிவாக்கியது. காவலர் பார்வையில் வைத்திருக்கலாம், ஆனால் பேச்சு காதில் விழும் தூரத்தில் நிற்கக் கூடாது. ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் ஏற்ற, கைதிகளை நடத்துவதற்கான நெல்சன் மண்டேலா விதிகளில் 61-ஆவது விதியும் இதையே சொல்கிறது. வழக்குத் தாள்களைக் கைதி தன்னிடம் வைத்துக்கொள்ளலாம், நிர்வாகம் அவற்றைப் படிக்கக் கூடாது என்பது 53-ஆவது விதி. மண்டேலா விதிகள் நம் ஊர்ச் சட்டமல்ல என்றாலும் இந்திய நீதிமன்றங்கள் அவற்றை மேற்கோள் காட்டுகின்றன. மனுவில் எழுதத் தயங்க வேண்டாம்.

நடைமுறையில் என்ன செய்வது? குடும்பம் பார்க்கிற கம்பிவலைக்குப் பின்னால் நின்று, நாற்பது பேர் கத்துகிற இரைச்சலில் வழக்கைப் பேசாதீர்கள். வழக்கின் உள்விவரங்கள் வழக்கறிஞர் சந்திப்புக்கு உரியவை. கைதி வழக்கறிஞருக்கு எழுதும் உறையின் மேல் "வழக்கறிஞருக்கு, வழக்கு தொடர்பானது" என்று எழுதட்டும். உறை பிரித்து வந்ததாகத் தெரிந்தால், அந்த உறையையே பத்திரப்படுத்துங்கள்.

படி 5: வாய்தாவுக்குப் போவது

வழிக்காவலுக்குப் போலீஸ் இல்லை என்ற காரணத்தால் கைதியை அழைத்துப் போகாத நாட்கள் உண்டு. நீதிமன்றக் காவலை நீட்டிக்க வீடியோ வழியாக ஆஜர்படுத்துவதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் போலீஸ் காவலுக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் நேரில் கொண்டு வந்தாக வேண்டும். வீடியோவோ நேரோ, அந்தச் சில நிமிடங்களை வீணாக்கக் கூடாது. நீதிபதி முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்லலாம்: "ஐயா, எனக்கு வழக்கறிஞர் இல்லை." அல்லது, "எனக்குக் குற்றப்பத்திரிகை நகல் தரவில்லை." அல்லது, "என்னை அடித்தார்கள், காயம் இருக்கிறது." சொன்னதைப் பதிவு செய்யும்படி கேட்கலாம். ஊமையாக நின்றுவிட்டுத் திரும்பிய கைதிகள் பலர், யாரும் கேட்கவில்லையே என்று பிறகு வருந்துவார்கள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லலாம் என்பதை வெளியே இருப்பவர்தான் முன்கூட்டியே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

படி 6: நாட்களை எண்ணுங்கள்

இந்தப் படியில் குடும்பத்தின் நோட்டு வழக்கறிஞருக்கு இணையாக வேலை செய்யும்.

முதல் கணக்கு 60 அல்லது 90 நாள். பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 187-ஆவது பிரிவின்படி, மரண தண்டனை, ஆயுள் தண்டனை, அல்லது பத்து ஆண்டுக்குக் குறையாத சிறை விதிக்கத்தக்க குற்றமென்றால் 90 நாளுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாளுக்குள்ளும் போலீஸ் குற்றப்பத்திரிகை போட வேண்டும். போடவில்லையென்றால் ஜாமீன் பெறுவது உரிமையாகிவிடும். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. போதைப் பொருள் போன்ற சில தனிச் சட்டங்களில் கெடு இன்னும் நீளம்.

ஆனால் இந்த உரிமை தானாக வந்து கதவைத் தட்டாது. கெடு முடிந்ததும், குற்றப்பத்திரிகை வருவதற்கு முன், மனு போட்டாக வேண்டும். மனு போட்ட பிறகு போலீஸ் அவசரமாகக் குற்றப்பத்திரிகை கொண்டு வந்தாலும் உரிமை போகாது. மனு போடாமல் விட்டு, போலீஸ் முந்திக்கொண்டால் போச்சு. 61-ஆவது நாள் காலை, அல்லது 91-ஆவது நாள் காலை, நீதிமன்றம் திறக்கும்போது மனு தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது கணக்கு அதே சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு. குற்றத்துக்கு உரிய அதிகபட்சத் தண்டனையில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும். இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது பொருந்தாது. வேறு வழக்குகளும் நிலுவையில் இருந்தால் சிக்கல் உண்டு. அந்த நாள் வந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை என்று அந்தப் பிரிவே சொல்கிறது. 2024 ஜூலைக்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கண்காணிப்பாளர் மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள், எழுத்தில். மாவட்ட நீதிபதி தலைமையில் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு ஒன்றும் இருக்கிறது. அதற்கும் ஒரு நகல் அனுப்பலாம்.

படி 7: ஜாமீன் கிடைத்தும் வெளியே வரவில்லையென்றால்

இது எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி. நீதிமன்றம் விடலாம் என்று சொல்லிவிட்டது. ஜாமீன்தாரர் இரண்டு பேர் கிடைக்காத ஒரே காரணத்துக்காக ஒருவர் மாதக்கணக்கில் உள்ளே கிடக்கிறார். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கென்றே நெறிமுறைகள் கொடுத்தது. ஜாமீன் உத்தரவின் மின்நகல் அன்றைக்கோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்குப் போக வேண்டும். ஏழு நாளில் விடுதலையாகவில்லையென்றால் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். கைதியின் குடும்பப் பொருளாதார நிலையை அறிக்கையாக்கி, நிபந்தனையைத் தளர்த்தும்படி நீதிமன்றத்தில் வைக்கலாம். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையை மாற்றுவதா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற நிபந்தனை தாமதத்துக்குப் பெரிய காரணம் என்றும் அந்த உத்தரவு சுட்டிக்காட்டியது.

ஆகவே எட்டாவது நாள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். உத்தரவு நகலும், ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்ற ஒரு பக்கக் கடிதமும் போதும். கந்துவட்டிக்குக் கடன் வாங்கி இடைத்தரகர் வழியாக ஜாமீன்தாரர் பிடிப்பதற்கு முன், இந்தக் கதவைத் தட்டிப் பாருங்கள்.

படி 8: தண்டனை வந்துவிட்டால்

தீர்ப்பு சொன்னதும் அதன் நகலை இலவசமாகக் கைதியிடம் கொடுக்க வேண்டும். இதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. ஹோஸ்கோட் என்பவர் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு நான்கு ஆண்டுக்கு மேல் கழித்து உச்ச நீதிமன்றம் வந்தார். நகல் சிறைக்கு அனுப்பப்பட்டது என்றது ஆவணம். கைக்கு வரவே இல்லை என்றார் அவர். கொடுத்ததற்குக் கைதியின் கையெழுத்து எங்கும் இல்லை. 1978-இல் அந்த வழக்கில்தான், சிறை அதிகாரி தீர்ப்பு நகலைக் கைதியிடம் கொடுத்து எழுத்தில் ஒப்புகை வாங்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு வசதியில்லாதவருக்கு இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஒரு கையெழுத்து இல்லாததால் நாலு ஆண்டு போன கதை அது.

மேல்முறையீட்டுக் கெடு, அமர்வு நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். மரண தண்டனை என்றால் உயர் நீதிமன்றத்துக்கும் 30 நாள்தான். நகல் வாங்க ஆன நாட்கள் கழிக்கப்படும். தாமதமானால் காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம். வழக்கறிஞரே இல்லாவிட்டாலும் கைதி தன் மேல்முறையீட்டைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். சன்ஹிதாவின் 424-ஆவது பிரிவின்படி அவர் அதை உரிய நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். "இந்தத் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்கிறேன், எனக்கு இலவச வழக்கறிஞர் வேண்டும்" என்ற இரண்டு வரியிலிருந்தே அது தொடங்கலாம். தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீன் கேட்பது தனி மனு, அதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

படி 9: உள்ளே நடக்கும் கொடுமைக்குப் புகார்

அடி, மருத்துவம் மறுப்பு, பணம் கேட்பது, தனிமைச் சிறை. இவற்றில் காலம் மிக முக்கியம். காயம் ஆறிவிட்டால் மருத்துவச் சான்று வாங்க முடியாமல் போய்விடும். முதலில் சிறை மருத்துவரிடம் காட்டிப் பதிவேட்டில் ஏறச் செய்ய வேண்டும். அடுத்த வாய்தாவில் நீதிபதியிடம் சொல்ல வேண்டும். புகார்ப் பெட்டி, நேரில் வரும் மாவட்ட நீதிபதி, சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று உள்வழிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து குடும்பம் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் மனு போடலாம். மாநில அல்லது தேசிய மனித உரிமை ஆணையத்துக்குக் கட்டணமில்லாமல் கடிதம் எழுதலாம், சம்பவம் நடந்து ஓராண்டுக்குள்.

பழிவாங்குவார்களோ என்ற பயம் நியாயமானது. அதனால்தான் ஒரே இடத்துக்கு எழுதாமல், ஒரே நாளில் மூன்று இடங்களுக்கு நகல் அனுப்பச் சொல்கிறேன். வெளியே பலருக்குத் தெரிந்த கைதி மீது கை வைக்கத் தயங்குவார்கள்.

படி 10: வழிபாடு

வழக்கைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இதைப் பற்றிப் பேச ஆள் குறைவு. ஆனால் உள்ளே இருப்பவரைக் கேட்டால், ஜாமீன் தள்ளிப்போனதைவிட, அப்பா திதிக்கு ஒரு கைத் தண்ணீர் விட முடியாததைச் சொல்லி அழுவார். ஒருவர் உடைந்துபோகாமல் இருக்க எதைப் பிடித்துக்கொள்கிறார் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது.

அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு எல்லாருக்கும் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், மதத்தை ஏற்று ஒழுகும் உரிமையையும் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டது என்று அந்தப் பிரிவே எல்லை போடுகிறது. சிறையில் பாதுகாப்பு என்ற எல்லையும் வந்து சேரும். ஆனால் எல்லை இருக்கிறது என்பதற்காக அதிகாரி காரணமே சொல்லாமல் மறுக்கலாம் என்று ஆகாது. மண்டேலா விதிகளின் 65, 66 ஆகிய இரண்டும் இதை விரிக்கின்றன. ஒரு மதத்தைச் சேர்ந்தவர் போதிய எண்ணிக்கையில் இருந்தால் அந்த மதத்தின் தகுதியான பிரதிநிதி வர வழி செய்ய வேண்டும். எந்தக் கைதிக்கும் அவருடைய மதப் பிரதிநிதியைச் சந்திப்பதை மறுக்கக் கூடாது. சந்திக்க விரும்பாதவரை வற்புறுத்தவும் கூடாது. சமய நூல்களை வைத்திருக்கலாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவரைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் உட்கார வைப்பதும் இதே விதிக்கு எதிரானதுதான்.

அயல்நாட்டு வழக்குகள் இரண்டு, நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், வாதத்தைப் புரிந்துகொள்ள உதவும். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலச் சிறையில் முஸ்லிம் கைதி கிரகரி ஹோல்ட் அரை அங்குலத் தாடி வைக்க அனுமதி கேட்டார். தாடிக்குள் ஆயுதம் ஒளிக்கலாம் என்று சிறை மறுத்தது. அவர் கையால் எழுதிய மனு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015-இல் நீதிபதிகள் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். தலைமுடியைச் சோதிக்க முடிகிற சிறை, அரை அங்குலத் தாடியைச் சோதிக்க முடியாதா என்பதே கேள்வியாக இருந்தது. போலந்தில் ஜாகோப்ஸ்கி என்ற பௌத்தக் கைதி இறைச்சியில்லாத உணவு கேட்டார். 2010-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அந்த எளிய கோரிக்கையை மறுத்தது தவறு என்றது. இரண்டு பேரும் கேட்டது சிறியது, அளவோடு கேட்டார்கள், நிறைவேற்றுவது எளிது என்று காட்டினார்கள். நம் மனுவும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நோன்பை எடுத்துக்கொள்வோம். மாலையில் அடைப்பு (அறைகளைப் பூட்டுவது) முடிந்தால் மறுநாள் காலைதான் திறப்பு. அதிகாலையில் சாப்பிட வேண்டிய நோன்பாளிக்கு அப்போது சமையற்கட்டு திறந்திருக்காது. ஆகவே "நோன்புக்கு அனுமதி வேண்டும்" என்று மட்டும் கேட்டால் பாதிதான் கேட்டதாகும். அதிகாலைக்கான உணவை அடைப்புக்கு முன் கொடுக்க வேண்டும், பகல் உணவைச் சேர்த்து மாலையில் தர வேண்டும், மருந்து எடுக்கும் நேரம் மாற வேண்டும் என்று கேட்க வேண்டும். ரமலானுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டவர், தவக்காலம் இருக்கும் கிறிஸ்தவர், சஷ்டி விரதம் இருப்பவர் எல்லாருக்கும் இதே முறைதான். பல மாநிலச் சிறை விதிகளில் விரத உணவுக்கு ஏற்பாடு இருக்கிறது.

மனு இப்படி இருக்கலாம்:

"பெறுநர்: சிறைக் கண்காணிப்பாளர் அவர்கள். ஐயா, நான் விசாரணைச் சிறைவாசி, எண் இன்னது, இன்ன பிளாக். வரும் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை நோன்பு இருக்கிறேன். அதிகாலை உணவை மாலை அடைப்புக்கு முன் என்னிடம் தரவும், பகல் உணவை மாலை இன்ன மணிக்கு வழங்கவும் வேண்டுகிறேன். எனக்கு இன்ன மருந்து உண்டு, அதை இரவு எடுத்துக்கொள்ள மருத்துவர் ஆலோசனை வேண்டும். எங்கள் பிளாக்கில் நோன்பு இருப்போர் இத்தனை பேர். அனுமதிக்க இயலாது எனில் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நகல்: மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர். தேதி, கையொப்பம்."

கடைசி வேண்டுகோளை விட்டுவிடாதீர்கள். காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றால், பல அதிகாரிகள் மறுப்பதற்கு முன் ஒரு முறை யோசிப்பார்கள். எழுதியே மறுத்தாலும் நல்லதுதான், உயர் நீதிமன்றத்தில் காட்ட ஒரு தாள் கிடைக்கிறது.

புத்தகமென்றால் கெட்டி அட்டை, உலோக முனை, பூட்டு இல்லாத சாதாரணப் பதிப்பாகக் கொடுங்கள். குர்ஆனோ பைபிளோ திருவாசகமோ, சோதனை செய்யும்போது தரையில் போடாமல் கையால் புரட்டிப் பார்க்கும்படி மரியாதையாகக் கேட்கலாம். மாலை என்றால் மரமணியும் பருத்தி நூலும் கொண்டதாக இருக்கட்டும். பெண் கைதிகளின் தாலியைப் பல மாநில விதிகள் அனுமதிக்கின்றன. கழற்றச் சொன்னால் எந்த விதியின் கீழ் என்று கேட்கலாம், கழற்றியே ஆக வேண்டுமென்றால் பதிவேட்டில் எடையோடு எழுதச் சொல்ல வேண்டும்.

சாதியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், மதத்தோடு கலந்தே அது சிறைக்குள் வருகிறது. சமையல் ஒரு சாதிக்கு, கக்கூஸ் கழுவுவது ஒரு சாதிக்கு என்று பழைய சிறைக் கையேடுகளில் எழுதியே வைத்திருந்தார்கள். சுகன்யா சாந்தா வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை அரசியலமைப்புக்கு விரோதமானவை என்று அறிவித்தது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைத்த விவகாரமும் அந்த வழக்கில் பேசப்பட்டது. சிறைப் பதிவேட்டில் சாதிக்கான கட்டத்தையே நீக்கச் சொன்னது தீர்ப்பு. இன்றைக்கு யாராவது சாதி கேட்டு வேலை பிரித்தால், அது பழக்கம் என்ற சமாதானம் செல்லாது.

வீட்டில் இறப்பு நேர்ந்தால்

வழக்கும் வழிபாடும் ஒரே மணி நேரத்தில் சந்திக்கிற இடம் இது. தாயின் உடல் வீட்டில் கிடக்கிறது, கொள்ளி வைக்க வேண்டிய மகன் சிறையில். தண்டனைக் கைதி என்றால் தமிழ்நாடு தண்டனை நிறுத்தி வைப்பு விதிகள் 1982-இன் கீழ் அவசரகால விடுப்பு கேட்டுச் சிறை நிர்வாகத்திடம் மனு கொடுக்க வேண்டும். விசாரணைக் கைதிக்கு அந்த விதி பொருந்தாது. அவருக்கு வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் இடைக்கால ஜாமீன், அல்லது போலீஸ் காவலோடு போய்வர அனுமதி கேட்க வேண்டும். விடுமுறை நாள் என்றாலும் பொறுப்பு நீதித்துறை நடுவர் ஒருவர் இருப்பார். வழக்கறிஞர் அவர் வீட்டுக்கே போய் மனு கொடுக்கலாம்.

அந்த நேரத்தில் வீட்டில் யாரும் நிதானமாக இருக்க மாட்டார்கள். எனவே நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதற்கானதை இப்போதே எழுதி வையுங்கள்: வழக்கு எண், நீதிமன்றம், சிறையின் தொலைபேசி எண், வழக்கறிஞரின் எண், ஆணைக்குழு அலுவலக எண், உறவு முறையைக் காட்டும் குடும்ப அட்டையின் நகல். துக்க வீட்டில் இருப்பவர்களில் தள்ளி நின்று பேசக்கூடிய ஒருவரிடம், மாமாவோ பக்கத்து வீட்டு அக்காவோ, அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். இறந்ததற்கு மருத்துவமனைச் சான்றோ கிராம நிர்வாக அலுவலரின் கடிதமோ வாங்க ஒருவர், வழக்கறிஞரிடம் ஓட ஒருவர், சிறை வாசலில் நிற்க ஒருவர் என்று மூன்று பேர் வேண்டும். மனுவில் அடக்கம் நடக்கும் இடம், நேரம், காவல் நிலைய எல்லை ஆகிய மூன்றையும் எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் வழிக்காவலுக்கு ஆள் போடுவார்கள்.